பிரிக்பீல்ட்ஸில் ஆறு சனிக்கிழமைகள்

பிரிக்பீல்ட்ஸுக்குப் போகாத தமிழர் நம் நாட்டில் குறைவு. தீபாவளிக்குச் சேலை, கல்யாணத்துக்கு மாலை, பூசைக்குக் குத்துவிளக்கு, நடுவில் ஒரு வாழையிலைச் சாப்பாடு, திரும்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கு. காரை எங்கே நிறுத்துவது என்ற கவலையோடு போய், அபராதச் சீட்டு இல்லாமல் வீடு திரும்பினால் அதுவே பெரிய நிம்மதி. இந்த அவசரத்தில் நம் காலுக்குக் கீழே ஓடும் மஞ்சள் கோட்டை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

ஜாலான் துன் சம்பந்தனின் நடைபாதையில் பதித்திருக்கும் அந்த மஞ்சள் கற்களில் இரண்டு வகை உண்டு. நீளமான புடைப்பு இருந்தால் 'நேராக நட' என்று பொருள். வட்டப் புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி': சாலை வருகிறது, படி வருகிறது, பாதை திரும்புகிறது. வெள்ளைக் கோலின் நுனியும் செருப்பின் அடிப்பாகமும் இதைப் படிக்கும். ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965-இல் இதை உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதல் முறையாகப் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கிறது. பல ஊர்களில் அது அழகுக்குப் போட்ட கோலம் மாதிரி சும்மா கிடக்கும். பிரிக்பீல்ட்ஸில் அப்படி இல்லை. இங்கே அதன்மேல் தினமும் ஆள் நடக்கிறார்கள்.

காரணம் தெரிந்ததுதான். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகமும், அதே ஆண்டு கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்ரி கர்னியின் பெயரைத் தாங்கிய பயிற்சி நிலையமும் இங்கே இருக்கின்றன. தீபகற்பத்தின் மூலை முடுக்கிலிருந்து பார்வையற்ற இளைஞர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். வந்தவர்களில் பலர் இங்கேயே வீடு பிடித்தார்கள், தொழில் தொடங்கினார்கள், குடும்பம் நடத்தினார்கள். ஜாலான் துன் சம்பந்தன் 4, ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம் நடந்தால் வரிசையாகத் தெரியும் உடம்புபிடி நிலையங்களின் கதை இதுதான்.

அதற்கு முந்தைய கதை செங்கல். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் சூறையாடிய பிறகு, கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம். செங்கல் சூளைகள் இருந்த இடத்துக்கு அந்தப் பெயரே நிலைத்தது. பிறகு ரயில்வே வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தா ஆசிரமமும் எழுந்தன. ரயில் பெட்டிகள் நின்ற பழைய நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' என்று அதிகாரபூர்வமாகப் பெயரும் சூட்டியாகிவிட்டது. வண்ண வளைவுகளும் தோரண வாயிலும் சுற்றுப்பயணிகளின் கைப்பேசிகளில் நிறையவே இருக்கின்றன. நான் போனது வேறு படங்களுக்காக.

நான் ஊடகத்துறை மூன்றாம் ஆண்டு மாணவி. பத்திரிகைப் புகைப்படப் பாடத்துக்கு 'என் நகரத்தில் ஒரு தெரு' என்ற தலைப்பில் பன்னிரண்டு படங்கள் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் அவகாசம். பிரிக்பீல்ட்ஸ் என்றதும் வகுப்பில் ஒருவர், "பார்வையற்றவங்க நெறைய பேர் இருக்காங்க, நல்ல படம் கெடைக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த 'நல்ல படம் கெடைக்கும்' மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளைக் கோல், கறுப்புக் கண்ணாடி, பின்னால் மழை, கறுப்பு வெள்ளை. எடுப்பதற்கு முன்பே அந்தப் படம் எல்லாருக்கும் தெரியும்.

முதல் சனிக்கிழமை கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டை மட்டும் பின்தொடர்ந்தேன். நூறு அடி போவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள். அதைத் தாண்டினால் கடைக்காரர் வெளியே வைத்த பிளாஸ்டிக் மாலைக் கூடை. அப்புறம் விளம்பரப் பலகை. ஓர் இடத்தில் கோடு நேராகப் போய் ஒரு கம்பத்தில் முடிந்தது. எனக்குக் கண் தெரியும், சுற்றிப் போனேன். எனக்குப் பின்னால் வெள்ளைக் கோலோடு வந்த இருவர், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்தபடி, பேச்சை நிறுத்தாமலே அந்தக் கம்பத்தை வளைந்து போனார்கள். அவர்களுக்கு அது பழைய கம்பம்.

இரண்டாவது வாரம்தான் அந்த உடம்புபிடி அங்களைச் சந்தித்தேன். கடைவீட்டின் முதல் மாடி. நான்கு கட்டில், நீலத் திரை, தைல வாசனை, மூலையில் வானொலி. வாசலில் நின்று என் பெயர், கல்லூரி, வந்த காரணம் எல்லாம் சொன்னேன். பார்வையற்றவரிடம் போனால் முதலில் குரல்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் யார், எங்கே நிற்கிறோம், கூட யார் இருக்கிறார்கள், கையில் என்ன என்பதை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு நம் கேமரா பையே அறிமுக அட்டை. இவருக்கு அது தெரியாது.

"பசியாறியாச்சாம்மா?" என்றார் முதலில். பிறகு, "கேமரா கொண்டாந்திருக்கியா? மேசையில வெச்சியே, கனமா கேட்டுச்சு."

"ஆமாங்க அங்கள். உங்களுக்குச் சம்மதம்னாத்தான் எடுப்பேன்."

"கேட்டுட்டு எடுக்கிறவங்க கம்மிம்மா. கீழ ரோட்டுல நடக்கும்போது எடுத்துட்டுப் போறவங்கதான் நெறைய. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. முன்னெல்லாம் கிளிக்குனு சத்தம் வரும், சிரிச்சுக்குவேன். இப்ப போன்ல அதுவும் வர்றதில்ல."

இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பாடப்புத்தகத்தைவிட அதிகம் கற்றுத் தந்தது. இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்களில் ஷட்டர் சத்தமே இல்லாமல் படம் எடுக்கலாம். கோயிலிலும் கச்சேரியிலும் அது நல்ல வசதி. ஆனால் பார்வையற்ற ஒருவருக்கு, தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே அடையாளம் அந்தச் சத்தம்தான். அதையும் அணைத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம்? அங்கள் அறையில் இருந்த நேரமெல்லாம் சத்தத்தைப் போட்டே வைத்திருந்தேன். கிளிக் கேட்கும்போதெல்லாம் அவர் புருவம் லேசாக உயரும். பல படங்களில் அந்தப் புருவம் இருக்கிறது.

புகைப்பட வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று பால் ஸ்ட்ராண்ட் 1916-இல் நியூயார்க் தெருவில் எடுத்தது. கழுத்தில் 'குருடி' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்ட ஒரு பெண்ணின் முகம். எங்கள் பாடத்திலும் வருகிறது. ஸ்ட்ராண்ட் தான் யாரைப் படம் எடுக்கிறோம் என்பதை மறைக்க, கேமராவின் பக்கவாட்டில் ஒரு போலி லென்ஸ் பொருத்தியிருந்தார். அவர் வேறு பக்கம் பார்த்து எடுப்பதுபோல் தெரியும், உண்மை லென்ஸ் இந்தப் பக்கம் இருக்கும். அக்கம் பக்கம் நின்றவர்களை ஏமாற்ற அது உதவியிருக்கும். பார்வையற்ற அந்தப் பெண்ணிடம் அந்தத் தந்திரத்துக்கு வேலையே இல்லை. படத்தின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. படம் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அந்தப் படம் நவீனப் புகைப்படக் கலைக்கு வழி திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நாம் எல்லாரும் அந்தப் போலி லென்ஸையும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டோமோ என்று தோன்றுகிறது.

அங்கள் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "எடுத்ததை எனக்குச் சொல்லணும். ஒண்ணு ஒண்ணா."

அவர் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பயிற்சிக்கு இங்கே வந்தார். அந்தக் காலத்தில் பார்வையற்றவர்களுக்கு நல்ல வேலை என்றால் தொலைபேசி இயக்குநர் வேலை. ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் அந்த வேலை பார்த்தார். நூற்றுக்கணக்கான உள் எண்கள் தலைக்குள்ளேயே இருந்தனவாம். பிறகு தானியங்கி இணைப்பு வந்தது, ஆள் தேவைப்படவில்லை. உடம்புபிடி கற்றுக்கொண்டார். "கண்ணு போனதால இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு எழுதிடாத. மெஷின் வந்ததால வந்தேன்" என்றார். பட விளக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

படங்களைச் சொல்லும் வேலை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. 'நல்லா வந்திருக்கு அங்கள்' என்று சொன்னால் விடமாட்டார். எங்கேயிருந்து எடுத்தாய்? முகம் எந்தப் பக்கம்? சட்டைப் பித்தான் சரியாக இருக்கிறதா? கட்டிலில் படுத்திருப்பவரின் முகம் தெரிகிறதா? (தெரியவில்லை. வாடிக்கையாளரிடமும் கேட்டு, முதுகு மட்டும்தான்.) பின்னால் என்ன இருக்கிறது? பின்னால் சுவரில் முருகன் படம் போட்ட நாள்காட்டி இருந்தது. சொன்னேன். எந்த மாதம் காட்டுகிறது என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம்.

அறையே சிரித்தது. பக்கத்துக் கட்டில் அண்ணனும் பார்வையற்றவர். "இத்தன பேர் வந்து படுத்து எந்திரிச்சுப் போனாங்க, ஒருத்தராச்சும் சொன்னாங்களா?" என்று அங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளர்கள் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். 'பாவம், அவருக்குத் தெரியவா போகுது' என்று விட்டிருப்பார்கள்.

இந்தப் 'பாவம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சக்கர நாற்காலியில் ஒருவரைப் பார்த்தால் முதலில் வாயில் வருவது அதுதான். நாளிதழ்களிலும் பண்டிகை நெருங்கினால் ஒரு வகைப் படம் வரும். நடுவில் சக்கர நாற்காலி, அல்லது அன்பளிப்புக் கூடை. இரண்டு பக்கமும் வரிசையாகத் தலைவர்கள், புரவலர்கள், சங்கச் செயலாளர்கள். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாங்குகிறவர் மட்டும் தரையைப் பார்ப்பார். கீழே விளக்கத்தில் கொடுத்தவர்களின் பெயர்கள் பட்டமும் பதவியும் சேர்த்து இடமிருந்து வலமாக இருக்கும். வாங்கியவர் 'மாற்றுத்திறனாளி ஒருவர்'. உதவி தேவைதான், அதை யாரும் குறை சொல்லவில்லை. சக்கர நாற்காலியின் விலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் அவர் பெயரையும் சேர்த்துப் போட எத்தனை எழுத்து கூடுதலாக ஆகிவிடும்?

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையும் உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஊன்றுகோலோடு ஏறும் ஒருவரின் படம். 'இவரால் முடியும் என்றால் உங்களால் முடியாதா?' என்று மேலே ஒரு வரி. காலையில் புலனக் குழுவில் வந்துவிடும். ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், இவரே சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-இல் ஆற்றிய உரையில் இத்தகைய படங்களைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். இவருக்குப் பதினைந்து வயதில் ஊர்க்காரர் ஒருவர் சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரைக்க வந்தாராம். அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்று பெற்றோர் குழம்பினார்களாம். பள்ளிக்கூடம் போகிறாள், தொலைக்காட்சி பார்க்கிறாள், மற்றப் பிள்ளைகள் மாதிரி. மற்றவர்கள் தங்கள் கவலை சிறியது என்று ஆறுதல் அடைய ஒரு பொருளாக நாங்கள் பயன்படுகிறோம் என்பதுதான் இவரது வாதம்.

சாதனையைப் படம் எடுக்கக் கூடாது என்பதில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் ரிட்சுவான் புசி நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது எடுத்த படங்களைப் பாருங்கள். எல்லை தாண்டும் ஓர் ஓட்டக்காரரின் படம், வேறெந்த ஓட்டக்காரரையும் எடுப்பதுபோல. விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் தெளிவு இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது வேகத்தை. படியேறும் பக்தரும் வேண்டுதலுக்காக ஏறுகிறார். அந்த வேண்டுதல் என்ன என்று கேட்காமல், அவரை நம் சோம்பலுக்கு மருந்தாக்குவதில்தான் கோளாறு.

நான்காவது சனிக்கிழமை மோனோரயில் நிலையம் அருகே ஓர் இளைஞரிடம் பேசினேன். சென்ட்ரல் பக்கத்து அலுவலகம் ஒன்றில் கணக்காளர், சக்கர நாற்காலியில் வந்து போகிறவர். பேச நான் குனிந்து நின்றதும், "முதுகு வலிக்கும், அந்தத் திண்ணையில உக்காருங்க" என்றார். உட்கார்ந்ததும் இருவர் கண்களும் ஒரே மட்டத்துக்கு வந்தன. கேமராவும் அதே மட்டத்துக்கு வந்தது. மேலேயிருந்து கீழ்நோக்கி எடுத்தால் யாரும் சிறியவராகத்தான் தெரிவார்கள். குழந்தைகளை எடுக்கும்போது மண்டியிடத் தெரிந்த நமக்குப் பெரியவர்கள் முன்னால் அது மறந்துவிடுகிறது.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுங்க. ஆனா படிக்கட்டு முன்னாடி என்னைத் தனியா நிறுத்தாதீங்க. என்கிட்ட அந்தப் படம் ஏற்கெனவே நாலு இருக்கு" என்றார். பிறகு சாலையோரத்தைக் காட்டினார். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளம். அதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கார், அவசர விளக்கு மின்னியபடி. ஓட்டுநர் சாப்பாடு கட்டப் போயிருப்பார். "அதை எடுங்க. எனக்குக் கால் வேலை செய்யாதது பழகிப்போச்சு. இன்னிக்கு என்னை நிறுத்தினது அந்தக் கார்தான்."

எடுத்தேன், பதிவெண் தெரியாத கோணத்தில். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய என் பன்னிரண்டு படங்களில் அந்தப் படத்தில் மாற்றுத்திறனாளி யாரும் இல்லை. உலக நாடுகள் இதைத்தான் நீண்ட ஒப்பந்த மொழியில் எழுதி வைத்திருக்கின்றன. குறை உடம்பில் மட்டும் இல்லை, சுற்றியிருப்பவற்றிலும் மனப்போக்கிலும் இருக்கிறது என்பது ஐநா ஒப்பந்தத்தின் அடிப்படை. மலேசியா 2010-இல் அதை ஏற்றது. நம் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது.

அந்தச் சட்டம் செய்த ஒரு நல்ல காரியம் பலருக்குத் தெரியாது. செவிப்புலன் இழந்தோரின் அதிகாரபூர்வ மொழியாக மலேசியச் சைகை மொழியை அது அங்கீகரித்தது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒய்எம்சிஏ நெடுங்காலமாகச் செவித்திறன் இல்லாதவர்களோடு பணியாற்றி வரும் இடம். அதன் அருகே ஒரு தேநீர்க் கடையில் சைகையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த மூன்று தோழிகளை, கைப்பேசியில் எழுதிக் காட்டி அனுமதி வாங்கி, படம் எடுத்தேன். சைகை மொழியைப் படம் எடுப்பவர்கள் கைகளை மட்டும் அழகாக வெட்டி எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் என் திரையில் அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைச் சுட்டிக் காட்டினார். பிறகு என் கைப்பேசியை வாங்கி எழுதினார்: 'கை மட்டும் இருந்தால் பாதி வாக்கியம். புருவம், உதடு எல்லாம் சேர்த்துத்தான் மொழி.' கேள்வியா, கோபமா, கிண்டலா என்பதை முகம்தான் சொல்லுமாம். அதற்குப் பிறகு அகல லென்ஸுக்கு மாறினேன். மூவரும் ஒரே நேரத்தில் 'பேசி'ச் சிரிக்கும் படம் கிடைத்தது. அவர்கள் எதைப் பற்றிச் சிரித்தார்கள் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்கள்.

மறுப்புகளும் இருந்தன. ஒருவர் பத்து வெள்ளி கேட்டார். செய்திப் படத்துக்குப் பணம் கொடுப்பதில்லை என்று விளக்கினேன், சரி என்று போய்விட்டார். இன்னொருவர் 'பிடிக்கல' என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்கவில்லை. பிடிக்கவில்லை என்பதே முழுக் காரணம்தானே. மேசை மேசையாகப் போய் மெல்லிழைத்தாள் விற்கும் பார்வையற்ற அக்கா ஒருவர் மட்டும் தானாகவே காரணம் சொன்னார். "வேணாம்மா. நான் ஆபீஸ்ல வேலை செய்றேன்னுதான் ஊர்ல நெனச்சிக்கிட்டிருக்காங்க." பெயரும் இடமும் இல்லாமல் இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதிக்கொள் என்றார். அவரைப் பார்த்தால் என் கேமராவில் அழகான படம் வந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. அந்தப் படம் அவர் ஊருக்குப் போய்ச் சேர எத்தனை விநாடி ஆகும் என்பதிலும் சந்தேகமில்லை. முன்பு நாளிதழ்ப் படம் மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இப்போது எங்கும் போவதில்லை.

சம்மதம் என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டும் பத்திரமும் அல்ல. ஜப்பானில் மினமாட்டா ஊரில் தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலுக்குள் போனது. தாயின் வயிற்றிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த தோமோகோ உவெமுராவை அவர் தாய் குளிப்பாட்டும் காட்சியை யூஜின் ஸ்மித் 1971-இல் படம் எடுத்தார். தாயின் சம்மதத்தோடு எடுத்த படம். உலகம் மினமாட்டாவைத் திரும்பிப் பார்த்ததற்கு அது பெரிய காரணம். தோமோகோ 1977-இல் இறந்தார். ஆண்டுகள் போயும் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று குடும்பம் விரும்பியது. ஸ்மித்தின் மனைவியாக இருந்து அவரோடு பணியாற்றிய அய்லீன் ஸ்மித், 1998-இல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் புதிய புத்தகங்களில் அந்தப் படம் வரவில்லை. அந்தப் படம் எத்தனையோ பேருக்கு நீதி பெற உதவியது, அதனால் அதை நிறுத்தியிருக்கக் கூடாது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பும் இதில் இரண்டாகப் பிரிந்தது. நான் அய்லீன் பக்கம்.

ஒருவேளை எனக்கு அப்போது என் சொந்தக் கணக்கு ஒன்று தீராமல் இருந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். ஐந்தாவது சனிக்கிழமை, அங்கள் ஒரு வாடிக்கையாளரை முடித்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முகத்தின் வியர்வையைத் துண்டால் துடைத்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில். இயல்பாக இருக்கும்போது எடுத்துக்கொண்டே இரு என்று அவரே சொல்லியிருந்தார். எடுத்தேன். ஆறு வாரத்தில் நான் எடுத்தவற்றில் ஒளியும் அமைப்பும் ஆக நன்றாக வந்த படம் அது.

வழக்கம்போல் படங்களைச் சொல்லத் தொடங்குவதற்கு முன் அவரே கேட்டார். "கண்ணாடி கழட்டினப்ப ஒரு கிளிக் கேட்டுச்சே?"

சொன்னேன். கண் எப்படி இருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, துண்டு எந்தக் கையில் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நல்லா இருக்கும்னு உன் கொரல்லயே தெரியுதும்மா. ஆனா அது வேணாம். அந்த மொகம் என் பொண்டாட்டியும் மகளும் மட்டும் பாக்கிற மொகம்."

விரிவுரையாளருக்கு மூலப் படங்கள் முழுவதையும் காட்ட வேண்டும், அது விதி. அதையும் அங்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். விரிவுரையாளர் அந்த இடத்தில் நிறுத்தினார். தொகுப்பின் மையமே இதுதான், இது இல்லாவிட்டால் மற்றப் பதினொன்றும் சாதாரணம் என்றார். மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே என்றார். அவர் சொன்னதில் தொழில்முறையில் தவறில்லை. நல்ல பத்திரிகையாளர்கள் இரண்டாம் முறையும் கேட்பார்கள். ஆனால் ஓர் அமைச்சரிடம் இரண்டாம் முறை கேட்பதும், ஐந்து வாரம் தன் தொழிலிடத்தில் நம்மை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தவரிடம் இரண்டாம் முறை கேட்பதும் ஒன்றல்ல. அமைச்சரால் எளிதாக முடியாது என்று சொல்லிவிட முடியும். அங்கள் என் மதிப்பெண்ணை நினைத்துச் 'சரி' சொல்லிவிடுவார். அந்தச் 'சரி' எனக்கு வேண்டாம். படத்தை அழித்தேன், நினைவக அட்டையிலிருந்தும் கணினியிலிருந்தும். அதற்குப் பதிலாக வைத்த படம் சுமாரானதுதான். மதிப்பெண்ணும் அதற்கேற்ப வந்தது.

படம் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காக வேறு சில சின்ன விஷயங்கள். பார்வையற்றவரோடு நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். சக்கர நாற்காலியைத் தொடாதீர்கள், அது அவர் உடம்பின் பகுதி மாதிரி. கூட வந்தவரிடம் பேசாதீர்கள், அவரிடமே பேசுங்கள். 'அவதிப்படும்', 'முடங்கிய' போன்ற சொற்கள் பட விளக்கத்தில் வேண்டாம். உடற்பேறு குறைந்தவர், மாற்றுத்திறனாளி, ஓகேயூ என்று நம்மிடம் பல சொற்கள் இருக்கின்றன. எது சரி என்று நாம் சண்டை போடுவதைவிட, உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்பது சுலபம். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் தொழிலைச் சொன்னார்கள்.

பார்வையற்றவர்களிடம் இப்போது கைப்பேசி இருக்கிறது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது. படத்தை மட்டும் அனுப்பினால் அது பல நேரம் 'படம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும். அதனால் அங்கள் இருக்கும் ஐந்து படங்களுக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதி, தொகுப்பைக் கொடுப்பதற்கு முன் புலனத்தில் அனுப்பினேன். ஏழாவது படத்துக்கு எழுதியது இது:

'நீலத் திரைக்கு முன்னால் நிற்கிறீர்கள். இடுப்புக்கு மேல் தெரிகிறது. இரண்டு கைகளும் வாடிக்கையாளரின் தோளில். தலை கொஞ்சம் இடப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வானொலி கேட்பதுபோல. கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். சட்டை வெள்ளை, காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. சுவரில் நாள்காட்டி இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது.'

அன்று இரவே குரல் பதிவில் பதில் வந்தது. "போட்டுக்கம்மா. கிளிக் பண்றதுக்கு முன்னாடியே காலரைச் சொல்லியிருக்கலாம்ல?"